பழைய ஐஈ காலத்து “அழி” பட்டன் கோடை இன்றைய பிரவுசருக்கு மாற்றுவது எப்படி?

#1 · பழையபக்கம்

வணக்கம். ஐஈ6-ஐ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6) மனதில் வைத்து எழுதிய ஒரு விண்ணப்பப் பக்கம் பராமரிப்புக்கு வந்திருக்கிறது. டெக்ஸ்ட், ரேடியோ, செக்பாக்ஸ், நாடு–மாநிலம் டிராப்டவுன், ஒரு ஃபைல் அப்லோடு எல்லாம் உண்டு. “அழி” பட்டனை அழுத்தினால் க்ரோமில் எதுவும் அழிவதில்லை, கன்சோலில் மட்டும் சிவப்பு வரி வருகிறது.

கோடின் போக்கு இது:

முதலில் நேவிகேட்டர்.ஆப்நேம் என்ன என்று பார்க்கிறது. “மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்” என்றால் டாக்குமென்ட்.ஆல்("பெயர்").வேல்யூ = "" என்று ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரி. “நெட்ஸ்கேப்” என்றால் டாக்குமென்ட்.லேயர்ஸ் வழியாக உள்ளே போய் ஃபார்மைத் தேடுகிறது. கடைசியில் ஃபைல் ஃபீல்டின் அவுட்டர்ஹெச்டிஎம்எல்லை (அதன் முழு டேக் எழுத்தை) எடுத்து அதற்கே திரும்ப எழுதுகிறது. பாடி டேக்கின் ஆன்லோடிலும் டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ்(0).ரீசெட்() இருக்கிறது.

டாக்குமென்ட்.ஆல் வரும் இடத்தையெல்லாம் கெட்எலிமென்ட்பைஐடி என்று ஒரே அடியில் மாற்றிவிட்டால் போதுமா?

#2 · பிழைதேடி

போதாது. முதலில் இப்போது ஏன் உடைகிறது என்று பார்த்துவிடுவோம்.

நேவிகேட்டர்.ஆப்நேம் இன்றைக்கு க்ரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் “நெட்ஸ்கேப்” என்றுதான் பதில் சொல்லும். ஹெச்டிஎம்எல் தரநிலையே அப்படித்தான் சொல்லச் சொல்கிறது. 2013-இல் வந்த ஐஈ11 கூட தன்னை “நெட்ஸ்கேப்” என்றுதான் சொல்லிக்கொண்டது. அதன் யூசர் ஏஜென்ட்டில் (பிரவுசர் சர்வருக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் வரியில்) “எம்எஸ்ஐஈ” என்ற சொல்லும் கிடையாது. ஆகவே உங்கள் க்ரோம் நேராக நெட்ஸ்கேப் 4-க்கு எழுதிய கிளைக்குள் போகிறது. அங்கே டாக்குமென்ட்.லேயர்ஸ் என்பது அன்டிஃபைன்டு. அதற்குள் எதையோ படிக்கப் போனவுடன் டைப்எரர். அதுதான் உங்கள் சிவப்பு வரி.

ஒருவிதத்தில் இது நல்லதுதான், எரராவது வருகிறது. சில பக்கங்களில் ஆப்நேமுக்குப் பதில் “டாக்குமென்ட்.ஆல் இருந்தால்” என்று இஃப் போட்டிருப்பார்கள். அது இன்றைய பிரவுசரில் எப்போதும் ஃபால்ஸ். டாக்குமென்ட்.ஆல் உள்ளே இருக்கிறது, அடைப்புக்குறி போட்டுக் கூப்பிட்டால் எலிமென்ட்டைக்கூட எடுத்துத் தரும். ஆனால் டைப்ஆஃப் கேட்டால் “அன்டிஃபைன்டு” என்று சொல்லும். பழைய ஐஈ கிளைக்குள் புது பிரவுசர்கள் போய் மாட்டக்கூடாது என்பதற்காகவே வேண்டுமென்று செய்த ஏற்பாடு. அதன் விளைவு: எரரும் இல்லை, வேலையும் இல்லை.

இனி கெட்எலிமென்ட்பைஐடி. டாக்குமென்ட்.ஆல்("பெயர்") ஐடியையும் பார்க்கும், நேமையும் பார்க்கும். ஐஈ7 வரை கெட்எலிமென்ட்பைஐடியும் அதே தவறைச் செய்தது. அந்தக் காலத்துப் பக்கங்களில் பாதி ஃபீல்டுகளுக்கு நேம் மட்டும்தான் இருக்கும். இப்போது மாற்றினால் “நல்” (எலிமென்ட் இல்லை என்ற பதில்) வரும், முதல் அப்படிப்பட்ட ஃபீல்டிலேயே கோடு நின்றுவிடும். ரேடியோ குழு என்றால் வேறு கதை: ஒரே பெயரில் மூன்று இருந்தால் டாக்குமென்ட்.ஆல் ஒரு கலெக்‌ஷனைத் தரும். கலெக்‌ஷனுக்கு வேல்யூ = "" போட்டால் எந்த ரேடியோவும் அசையாது.

இன்னொன்று: டாக்குமென்ட்.ஃபார்ம்ஸ்(0) என்ற வட்ட அடைப்புக்குறியும் ஐஈ பழக்கம். மற்ற இடங்களில் “ஃபார்ம்ஸ் ஒரு ஃபங்ஷன் அல்ல” என்று எரர் வரும். சதுர அடைப்புக்குறி வேண்டும்.

#3 · வலைப்பின்னி

பிழைதேடி சொன்னது சரி. ஆனால் ஒரு வரி மாற்றுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த பட்டன் ஃபார்மை *காலி செய்ய* வேண்டுமா, *ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர* வேண்டுமா? பழைய கோடில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். ஆன்லோடில் ரீசெட் போட்டிருக்கிறார்கள், பட்டனில் வேல்யூ = "" போட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

ஃபார்ம்.ரீசெட்() காலி செய்யாது. பக்கம் வந்தபோது ஹெச்டிஎம்எல்லில் என்ன இருந்ததோ அதற்குத் திருப்பும். டெக்ஸ்ட்டுக்கு வேல்யூ அட்ரிபியூட், டெக்ஸ்ட்ஏரியாவுக்கு டேக்குகளுக்கு நடுவே இருந்த எழுத்து, செக்பாக்ஸ் ரேடியோவுக்கு செக்டு அட்ரிபியூட், செலக்டுக்கு செலக்டெட் உள்ள ஆப்ஷன்.

உங்கள் பக்கம் புது விண்ணப்பத்துக்கு மட்டுமா, திருத்தவும் அதே பக்கம்தானா?

#4 · பழையபக்கம்

இரண்டுக்கும் அதே பக்கம்தான். திருத்தும்போது சர்வரே வேல்யூவை நிரப்பி அனுப்புகிறது. ஏதாவது தவறாக இருந்து சர்வர் திருப்பி அனுப்பினாலும் பயனர் போட்டதையே நிரப்பி வருகிறது. அந்த நேரத்தில் “அழி” அழுத்தினால் காலியாக வேண்டும் என்று கேட்கிறார்கள்.

#5 · வலைப்பின்னி

அப்படியானால் உங்களுக்குத் தேவை இரண்டு தனிப் பட்டன்கள்.

திருத்தும் பக்கத்தில் “மாற்றங்களை விடு” என்று ஒரு பட்டன். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டே வேண்டாம். பட்டன் டேக்கில் டைப் “ரீசெட்” என்று போட்டால் முடிந்தது. ஃபார்முக்கு வெளியே வைக்க வேண்டுமென்றால் ஃபார்ம் அட்ரிபியூட்டில் ஃபார்மின் ஐடியைக் கொடுங்கள் (ஐஈ11-இல் மட்டும் இது வேலை செய்யாது).

புது விண்ணப்பத்தில், சர்வர் திருப்பி அனுப்பிய பிறகு காலியாக வேண்டும் என்பதற்கு ரீசெட் உதவாது. ஏனென்றால் இப்போது ஹெச்டிஎம்எல்லில் இருக்கும் “ஆரம்ப நிலை”யே பயனர் முன்பு போட்டதுதான். “ரீசெட் வேலை செய்யவில்லை” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. இதற்கு மிக எளிய தீர்வு ஸ்கிரிப்ட் அல்ல: “புதிதாகத் தொடங்கு” என்று அந்தப் பக்கத்தின் முகவரிக்கே ஒரு சாதாரண லிங்க். சர்வர் காலி ஃபார்மைத் தரும், பாதுகாப்பு டோக்கனும் புதிதாக வரும், டிராப்டவுனும் சரியாக நிரம்பி வரும்.

பக்கத்தை மறுபடி லோடு செய்யக்கூடாது என்றால்தான் கையால் காலி செய்ய வேண்டும். அப்போது ஃபீல்டு பெயர்களை வரிசையாக எழுதாதீர்கள். ஃபார்ம்.எலிமென்ட்ஸ் மீது ஒரு லூப் போட்டு, ஒவ்வொன்றின் டைப்பைப் பார்த்துப் பிரியுங்கள்.

செக்பாக்ஸ், ரேடியோ என்றால் செக்டு = ஃபால்ஸ். *வேல்யூவைத் தொடவே கூடாது.* பழைய லூப்கள் எல்லா எலிமென்ட்டுக்கும் வேல்யூ = "" என்று போட்டுவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். அதன் பிறகு பயனர் டிக் செய்து அனுப்பினால் சர்வருக்கு “சம்மதம்=ஆம்” என்று வர வேண்டியது “சம்மதம்=” என்று வெறுமையாக வரும். ரீசெட் செய்தாலும் திரும்பாது, ஏனென்றால் செக்பாக்ஸில் வேல்யூவுக்கு எழுதுவது நேராக அட்ரிபியூட்டையே மாற்றிவிடுகிறது. இன்புட் டேக்கில் செய்த “சமர்ப்பி” பட்டன் இருந்தால் அதன் எழுத்தும் போய் வெறும் சாம்பல் பெட்டி மிஞ்சும்.

செலக்ட் என்றால், முதல் ஆப்ஷன் “தேர்ந்தெடுக்கவும்” என்று இருந்தால் செலக்டெட்இண்டெக்ஸ் = 0. இல்லாவிட்டால் -1. ஆனால் -1 போட்டால் அந்த ஃபீல்டே சர்வருக்குப் போகாது, சர்வர் கோடு அதைத் தாங்குமா என்று பாருங்கள். மல்டிபிள் செலக்டுக்கு -1 தான் சரி.

ஹிடன், சப்மிட், பட்டன், ரீசெட், இமேஜ் இவற்றைத் தாண்டிவிடுங்கள். ரீட்ஒன்லி ஃபீல்டுகளையும் தாண்டுங்கள். விண்ணப்ப எண் அதில்தான் இருக்கும். ஃபார்ம்.எலிமென்ட்ஸில் ஃபீல்டுசெட்டும் வரும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

மற்றதெல்லாம் வேல்யூ = "". டேட், நம்பர் காலியாகும். ரேஞ்ச் நடுவுக்குப் போகும், கலர் கறுப்பாகும். அவற்றுக்குக் “காலி” என்று ஒரு நிலையே இல்லை.

ஃபைலுக்கும் இதே வேல்யூ = "" போதும். அந்த அவுட்டர்ஹெச்டிஎம்எல் வித்தை பழைய ஐஈ ஃபைல் வேல்யூவில் எழுத விடாததால் வந்தது. இப்போது அது கெடுதல்தான்: பழைய எலிமென்ட் போய்ப் புதியது வரும், அதில் மாட்டிய லிஸனர்கள் (ஈவென்ட் எழுந்தால் ஓடும் ஃபங்ஷன்கள்) எல்லாம் அதோடு போய்விடும்.

#6 · சுட்டெலி

பட்டனைப் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. பட்டன் டேக்கில் டைப் எழுதவில்லை என்றால் இன்று அது சப்மிட். ஐஈ7 வரை அது வெறும் பட்டன். அதனால் பழைய “அழி” பட்டன் க்ரோமில் காலி செய்துவிட்டு உடனே ஃபார்மை அனுப்பியும் விடும். “அழி அழுத்தினால் பக்கம் மினுங்கி எல்லா எரரும் வருகிறது” என்றால் இதுதான் காரணம். டைப் = பட்டன் என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், அந்த பட்டனுக்கு நேம் அல்லது ஐடி “ரீசெட்” என்று இருக்கா பாருங்க. இருந்தால் ஃபார்ம்.ரீசெட் என்பது மெத்தட் இல்லை, அந்த பட்டன்! கூப்பிட்டால் “ஃபங்ஷன் அல்ல”ன்னு வரும். பேரை மாத்துறதுதான் சரியான வழி. மாத்த முடியாத இடத்தில் ஹெச்டிஎம்எல்ஃபார்ம்எலிமென்ட்.புரோட்டோடைப்.ரீசெட்.கால்(ஃபார்ம்) போட்டுத் தப்பிக்கலாம். “சப்மிட்”, “ஆக்‌ஷன்” பேர்களுக்கும் இதே வியாதி உண்டு.

#7 · பழையபக்கம்

பட்டனின் ஐடி “ரீசெட்” என்றேதான் இருக்கிறது! மாற்றிவிட்டேன். இப்போது ரீசெட் ஓடுகிறது. ஆனால் நாடு பழைய நிலைக்கு வருகிறது, மாநிலப் பட்டியல் மட்டும் கடைசியாகத் தேர்ந்த நாட்டினுடையதாகவே நிற்கிறது. எழுத்து எண்ணிக்கை காட்டும் “500-க்கு 212” என்பதும் மாறவில்லை.

#8 · பிழைதேடி

ரீசெட் ஆகும்போது ஃபீல்டுகளில் இன்புட், சேஞ்ச் ஈவென்ட் எதுவும் எழாது. உங்கள் மாநிலப் பட்டியல் நாட்டின் சேஞ்சில் தொங்குகிறது, எண்ணிக்கை இன்புட்டில் தொங்குகிறது. எழும்பும் ஒரே ஈவென்ட் ஃபார்மின் ரீசெட் ஈவென்ட். அதைப் பிடித்து மாநிலப் பட்டியலை நிரப்பும் ஃபங்ஷனையும் எண்ணும் ஃபங்ஷனையும் கூப்பிடுங்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. ரீசெட் ஈவென்ட் எழுவது மதிப்புகள் மாறுவதற்கு *முன்னால்*. பிரிவென்ட்டிஃபால்ட் சொல்லித் தடுக்க வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். லிஸனருக்குள் நாடு.வேல்யூ என்று படித்தால் பழையதுதான் கிடைக்கும். எனவே ரீசெட் முடிந்த பிறகு ஓடும்படி வேலையை செட்டைம்அவுட் 0-க்குள் தள்ள வேண்டும்.

கியூமைக்ரோடாஸ்க்கோ பிராமிஸோ (வேலையை மைக்ரோடாஸ்க்காகச் சற்றே தள்ளிவைக்கும் வேறு வழிகள்) போட்டால் நாகரிகமாக இருக்குமே என்று தோன்றும், போடாதீர்கள். ஸ்கிரிப்ட்டிலிருந்து ஃபார்ம்.ரீசெட்() கூப்பிட்டால் அது சரியாக ஓடுவதுபோலத் தெரியும். பயனர் ரீசெட் பட்டனை நேரடியாக அழுத்தும்போது லிஸனர் முடிந்த கையோடு மைக்ரோடாஸ்க் ஓடிவிடும், மதிப்புகள் அப்போதும் மாறியிருக்காது. டெஸ்ட்டில் பாஸ், கையில் ஃபெயில் என்று ஆளைச் சுற்றவிடும் வகை.

மாநிலத்தில் இன்னொரு சிக்கல்: ஆப்ஷன்களை ஸ்கிரிப்ட் புதிதாகச் சேர்ப்பதால், சர்வர் முதலில் தேர்ந்து அனுப்பிய மாநிலம் எது என்பது தொலைந்துபோகும். செலக்ட் டேக்கில் ஒரு டேட்டா அட்ரிபியூட்டில் அந்த ஆரம்ப மதிப்பை சர்வரே எழுதி அனுப்பட்டும். பட்டியலை நிரப்பிய பிறகு அதைப் பார்த்துத் தேர்ந்துவிடுங்கள்.

#9 · நிரல்காவல்

ஹிடனைத் தாண்டச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஏஎஸ்பி.நெட் வெப்ஃபார்ம்ஸ் பக்கம் என்றால் வியூஸ்டேட்டும் ஈவென்ட்வேலிடேஷனும் (பக்கத்தின் நிலைக்கும் சரிபார்ப்புக்கும் சர்வர் எழுதிவைக்கும் குறிப்புகள்) ஹிடன் ஃபீல்டில்தான் இருக்கின்றன. வேறு எதில் எழுதியிருந்தாலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளத்திலிருந்து போலியாக அனுப்புவதைத் தடுக்கும் குறி) அங்கேதான். லூப் அதையும் துடைத்துவிட்டால் அடுத்த சமர்ப்பிப்பு சர்வரில் விழும், காரணம் கண்டுபிடிக்க நாளாகும்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் ஸ்கிரிப்ட் ஹிடன் ஃபீல்டில் எதையாவது எழுதிவைத்தால் (வரைபடத்தில் தேர்ந்த இடம் மாதிரி) அதை ரீசெட் திருப்பாது. ஹிடனில் வேல்யூவும் அட்ரிபியூட்டும் ஒன்றே, ஆகவே “ஆரம்ப மதிப்பு” என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை. ரீசெட் லிஸனரில் நீங்களே திருப்ப வேண்டும்.

செட்கஸ்டம்வேலிடிட்டி வைத்துப் பிழைச் செய்தி கொடுத்திருந்தால் அதுவும் ரீசெட்டில் போகாது. வெறும் சரம் கொடுத்து நீங்களே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபார்ம் புதிதாகத் தெரியும், சமர்ப்பிக்க மட்டும் விடாது.

ஆன்கிளிக்கை டேக்கிலிருந்து எடுத்து ஆட்ஈவென்ட்லிஸனருக்கு மாற்றுங்கள். சர்வர் என்றைக்காவது சிஎஸ்பி ஹெடர் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விதி) போட ஆரம்பித்தால் டேக்குக்குள் இருக்கும் ஸ்கிரிப்டும், லிங்க்கில் இருக்கும் “ஜாவாஸ்கிரிப்ட்:” முகவரியும் முதலில் அடிபடும்.

#10 · சுட்டெலி

ஏன் ப்ரோ இவ்வளவு? ஜேகொயரி (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால் ஒரு வரிதானே.

#11 · வலைப்பின்னி

ஜேகொயரியில் ரீசெட் என்று ஒரு மெத்தடே இல்லை. செலக்டர் பின்னால் [0] போட்டு உள்ளே இருக்கும் ஃபார்மின் ரீசெட்டைக் கூப்பிட வேண்டும், அல்லது டிரிகர்("ரீசெட்"). இரண்டும் கடைசியில் பிரவுசரின் அதே வேலைதான். ஹிடன், மாநிலப் பட்டியல், கஸ்டம்வேலிடிட்டி எல்லாம் அப்படியே நிற்கும். பழைய கோடில் ஜேகொயரி.பிரவுசர் என்று இருந்தால் அதையும் தேடிப் பாருங்கள், 1.9-இலேயே நீக்கிவிட்டார்கள். இந்த ஒரு பட்டனுக்காக ஜேகொயரியைப் புதிதாகக் கொண்டுவர வேண்டாம்.

#12 · பழையபக்கம்

நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, சில கிளை அலுவலகங்களில் இன்னும் எட்ஜின் ஐஈ மோடில் (எட்ஜுக்குள்ளேயே ஐஈ போல ஓடும் நிலையில்) இந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள். கோடில் இருக்கும் பழைய ஐஈ கிளையை அவர்களுக்காக வைத்திருக்கவா? இரண்டு, பாடி ஆன்லோடு ரீசெட்டை எடுத்துவிடலாமா?

#13 · பிழைதேடி

பழைய கிளையைத் தூக்குங்கள். ஐஈ11 தனி பிரவுசராக 2022 ஜூனில் ஓய்ந்துவிட்டது. எட்ஜின் ஐஈ மோடு குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கும் டாக்குமென்ட்.ஆல் தேவையில்லை, கெட்எலிமென்ட்பைஐடியும் ஆட்ஈவென்ட்லிஸனரும் அங்கே உண்டு. இல்லாதது புது இலக்கணம்: ஆரோ ஃபங்ஷன், ஃபார்–ஆஃப், டெம்ப்ளேட் சரம், நோட்லிஸ்டின் ஃபார்ஈச். வார், சாதாரண ஃபார் லூப், பெயரிட்ட ஃபங்ஷன் என்று எழுதினால் ஒரே கோடு இரண்டு பக்கமும் ஓடும்.

பக்கத்தின் தலையில் டாக்டைப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஐஈ மோடு குவர்க்ஸில் (மிகப் பழைய பிரவுசர்போல நடக்கும் நிலையில்) திறக்கும். டாக்குமென்ட் மோடு 9-க்குக் கீழே என்றால் ஆட்ஈவென்ட்லிஸனரும் கிடையாது. டாக்டைப் போட்டு, எக்ஸ்-யுஏ-கம்பாட்டிபிளில் “ஐஈ=எட்ஜ்” கொடுங்கள். அப்படியும் பழைய மோடில் திறந்தால் நிர்வாகிகள் வைத்திருக்கும் தளப் பட்டியலில் யாராவது மோடைக் கட்டிவைத்திருப்பார்கள், அங்கே கேளுங்கள். டாக்டைப் சேர்த்ததும் பெட்டிகளின் அகலம் மாறித் தளவமைப்பு கொஞ்சம் கலையும். அதற்கு நேரம் ஒதுக்கிவையுங்கள்.

ஆன்லோடு ரீசெட்டை எடுத்துவிடலாம், எடுக்கத்தான் வேண்டும். லோடு ஈவென்ட் படங்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் எழும். மெதுவான இணைப்பில் பயனர் முதல் இரண்டு ஃபீல்டை நிரப்பியிருப்பார், அப்போது வந்து துடைத்துவிட்டுப் போகும். ஃபயர்பாக்ஸ் ரீலோடில் பழைய மதிப்பை நினைவில் வைத்துத் தருகிறது என்பதற்காக அதைப் போட்டிருக்கலாம். அதற்கு ஃபார்ம் டேக்கில் ஆட்டோகம்ப்ளீட் “ஆஃப்” போதும். பேக் பட்டனில் திரும்பி வரும்போது பக்கம் கேஷிலிருந்து அப்படியே எழுந்தால் ஆன்லோடு ஓடவே ஓடாது. பலர் மாறி மாறி உட்காரும் பொதுக் கணினி என்றால் பேஜ்ஷோ ஈவென்ட்டில் பெர்சிஸ்டெட் ட்ரூவா என்று பார்த்துக் காலி செய்யுங்கள். மற்ற இடத்தில் பயனர் எழுதியதை விட்டுவையுங்கள்.

#14 · நிரல்காவல்

என் கருத்து வேறு. நீண்ட விண்ணப்பத்தில் “அழி” பட்டனே எதற்கு? “சமர்ப்பி”க்குப் பக்கத்தில் அதே அளவில் அது நிற்கும். கை தவறினால் இருபது நிமிட உழைப்பு போச்சு. தேடல் ஃபில்டருக்குத்தான் அது பொருந்தும்.

#15 · வலைப்பின்னி

புது விண்ணப்பத்தைப் பொறுத்தவரை ஒத்துக்கொள்கிறேன். திருத்தும் பக்கத்தில் “மாற்றங்களை விடு” பயனுள்ளது. வைப்பதானால் இடது ஓரத்தில் லிங்க் மாதிரி வையுங்கள்; ரீசெட் லிஸனரில் உறுதி கேட்டு, வேண்டாம் என்றால் பிரிவென்ட்டிஃபால்ட்.

பக்கத்தை விடாமலே சேமிக்கும் ஃபார்ம் என்றால், சேமிப்பு வெற்றியானதும் ஆரம்ப நிலையை நகர்த்த வேண்டும். டெக்ஸ்ட் வகைக்கு டிஃபால்ட்வேல்யூ = வேல்யூ, செக்பாக்ஸ் ரேடியோவுக்கு டிஃபால்ட்செக்டு = செக்டு, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் டிஃபால்ட்செலக்டெட் = செலக்டெட். மாநிலத்தின் டேட்டா அட்ரிபியூட்டையும் மறக்காமல் மாற்றுங்கள். அதன் பிறகு ரீசெட் கடைசியாகச் சேமித்த நிலைக்குப் போகும். இதைச் செய்யாவிட்டால் சேமித்த பிறகு ரீசெட் அழுத்துபவருக்குச் சேமிக்கும் முன் இருந்த பழைய மதிப்புகள் திரும்பி வரும். அதையே மறுபடி சேமித்தும் விடுவார்.

#16 · பழையபக்கம்

புது விண்ணப்பத்தில் பட்டனை எடுத்துவிட்டு “புதிதாகத் தொடங்கு” லிங்க் வைத்தாயிற்று. திருத்தும் பக்கத்தில் ரீசெட், செட்டைம்அவுட்டோடு சரியாக ஓடுகிறது. நாட்டுக்கு மட்டும் செலக்ட்2 (டிராப்டவுனை அழகாகக் காட்டும் ஜேகொயரி செருகல்) போட்டிருக்கிறார்கள். உள்ளே மதிப்பு மாறுகிறது, மேலே காட்டும் பெயர் மாறவில்லை.

#17 · சுட்டெலி

செலக்ட்2 தன் பெட்டியைச் சேஞ்ச் ஈவென்ட்டில்தான் புதுப்பிக்கும். அதே செட்டைம்அவுட்டுக்குள் அந்த செலக்டுக்கு டிரிகர்("சேஞ்ச்") பண்ணுங்க. உங்க மாநிலம் நிரப்பும் ஃபங்ஷனும் அதே சேஞ்சில் ஜேகொயரி வழியா மாட்டியிருந்தா அதைத் தனியா ரெண்டாவது முறை கூப்பிட வேண்டாம், எடுத்துடுங்க (ஆட்ஈவென்ட்லிஸனரில் மாட்டினதை ஜேகொயரியின் டிரிகர் எழுப்பாது, அப்போ தனியா கூப்பிடத்தான் வேணும்). இல்லைன்னா பட்டியலுக்கு ரெண்டு ரெக்வெஸ்ட் போகும், பின்னால வந்தது முன்னதை மேலெழுதும்.